சடை சாய்ந்த பக்கம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து இதை ஒரு வியாதி மாதிரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். சாராள் டீச்சர் நடுச்சந்தையில் செல்லியைத் திருடி என்று கத்திய அன்றைக்குக் கோபம் வராதவர்கள் அங்கே நூறு பேர் இருந்தார்கள். கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த மாதிரி நல்ல குணம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊர் ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் எட்டி நடந்தால் மைசூர் ராஜ்யம் வந்துவிடும். மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறப்போகிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பேர் எதுவானாலும் எங்களுக்குக் குளிர் ஒன்றுதான். மார்கழியில் விடியற்காலை எழுந்தால் பல் தந்தியடிக்கும். பச்சைக் குழந்தை வைத்திருக்கிறவள் பாடு சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் எங்கள் மாதர் சங்கம் குழந்தை ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தது. புதன்கிழமை மத்தியானம், பழைய பள்ளிக்கூடத்தின் பின்னறையில் கூடுவோம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கிற ஏழைக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் என்று ஏற்பாடு. நல்ல காரியம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருத்தி முதுகு பின்னுவாள், ஒருத்தி மார்பு பின்னுவாள், ஒருத்தி கை பின்னுவாள், டீச்சர் சேர்த்துத் தைப்பார். நாராயணம்மா தெலுங்கில் மருமகளைத் திட்டுவாள், சாந்தம்மா கன்னடத்தில் சிரிப்பாள், ருக்மணி தமிழில் புரணி பேசுவாள். ஊசிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மணி நேரம் வீட்டு அடுப்பே ஞாபகம் வராது.

சாராள் டீச்சர்தான் சங்கத் தலைவி. ஹெட்மாஸ்டரின் சம்சாரம். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. கற்றுக்கொடுக்கும்போது ஒரு கண்டிப்பு உண்டு. எதிரே உட்காரவே விடமாட்டார். “பக்கத்துல வந்து ஒக்காரு. எதுத்தாப்புல ஒக்காந்து பாத்தா எல்லாம் இடம் வலமா மாறி வரும்” என்பார். அவர் ஸ்வெட்டருக்கு மார்பின் நடுவில் சடை மாதிரி ஒரு முறுக்கு இறங்கும். சங்கத்தின் அடையாளமே அந்தச் சடைதான். எங்கள் எல்லோருடைய சடையும் வலப்பக்கம் சாய்ந்து முறுக்கும், அவர் சடை எப்படியோ அப்படியே.

நூல் வாங்கி வருவது என் வீட்டுக்காரர். பெங்களூரில் கம்பெனி வேலை அவருக்கு, தினமும் பஸ்ஸில் போய் வருவார். அந்த வருஷம் மில்லில் ஒரே நீலக் கம்பளி நூல் மலிவாகக் கிடைத்தது என்று மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். அந்த நூலுக்காகத்தான் எனக்கும் சங்கத்தில் நாற்காலி போட்டார்கள், அது எனக்குத் தெரியும். எங்கள் அப்பா காலத்தில் நாங்களும் காலனியில்தான் இருந்தோம். மாதா கோயிலில்கூட எங்களுக்குத் தனி வாசல். கம்பெனிச் சம்பளம் வந்து, ஓட்டு வீடு கட்டி, நான் செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்த பிறகுதான் “வா ஆரோக்கியம்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

செல்லி இன்னும் காலனியில்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் கூட்டுவாள், நாராயணம்மா வீட்டில் மாட்டுக்கொட்டகை பார்ப்பாள், இன்னும் சில வீடுகளில் வாசல் தெளிப்பாள். புருஷன் திம்மப்பன் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவன். ஒரு புதன்கிழமை அவள் அறையைக் கூட்டிவிட்டுப் போகும்போது டீச்சர் கூப்பிட்டார். “ஏய் செல்லி, கையை நல்லாக் கழுவிக்கினு வா. இதைக் கொஞ்சம் புடி.”

நூல் மில்லிலிருந்து வளையமாகச் சுற்றி, சிட்டம் சிட்டமாக வரும். சிட்டத்தை ஒருத்தி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கைகளை அகட்டி நீட்டி நிற்க வேண்டும். இன்னொருத்தி நுனியைப் பிடித்து உருண்டையாகச் சுற்ற வேண்டும். எல்லோருக்கும் சுற்றப் பிடிக்கும், நிற்கப் பிடிக்காது. தோள்பட்டை கழன்று போகும். அன்றைக்குப் பிடித்த செல்லியை அப்புறம் யாரும் விடவில்லை. நாங்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு எதிரே அவள் கைகளை நீட்டி நிற்பாள். ஒரு சிட்டம் முடிந்தால் அடுத்த சிட்டம். யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

அவள் வாயைத் திறந்து கேட்டாள். “டீச்சரம்மா, எனக்கும் ஊசி குடுங்க. மார்கழிக்குள்ள என் கொழந்தைக்கு ஒண்ணு பின்னணும்.” அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

டீச்சர் சிரித்தார். “மாசமா இருக்கறவ நூலு சுத்தி வெளையாடக் கூடாது. வயித்துல புள்ளைக்குக் கொடி சுத்திக்கும்.”

எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சம்சாரம் ஜோதியம்மாள் ஒன்பது மாசமும் அதே அறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பின்னினாள். அவள் பிள்ளைக்குக் கொடியும் சுற்றவில்லை, கயிறும் சுற்றவில்லை. குண்டாகப் பிறந்தது. “நூலைத் தொட்டா கொடி சுத்தும்னா, நாளெல்லாம் நூலைக் கையில மாட்டிக்கினு நிக்கறாளே, அவளுக்கு மட்டும் சுத்தாதா டீச்சர்?” என்று கேட்டேன். “அது வேற, இது வேற ஆரோக்கியம்” என்றார். என்ன வேற என்று சொல்லவில்லை. நாராயணம்மா என் தொடையைக் கிள்ளி, “மனக்கெந்துக்கம்மா” என்றாள். நமக்கெதுக்கு என்று அர்த்தம். ஊரில் பாதி அநியாயம் இந்த ஒரு வார்த்தையில்தான் நடக்கிறது.

செல்லிக்குப் பெண் பிறந்தது. குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டு மறுபடி வந்து நின்றாள், மறுபடி கேட்டாள். “கைக்கொழந்தைக்காரி, ஊசி கீசி குத்திடும். பாக்கலாம்” என்றார் டீச்சர். அடுத்த தடவை ஊசி குறைவாக இருக்கிறது என்றார். சாக்குச் சொல்ல மட்டும் அவருக்குக் குறையே வந்ததில்லை. என் ஊசியைக் கொடுக்கிறேன் என்று நான் எழுந்தேன். “சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு” என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். செல்லி சிட்டத்தை மாட்டிக்கொண்டு எங்கள் கைகளையே பார்த்தபடி நின்றாள்.

மார்கழி பிறந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை. ரோட்டோரம் மாடுகளும் மத்தூர்ப் பக்கத்துத் தேங்காய் மூட்டைகளும் அட்டிபெலேயிலிருந்து வந்த ராகி மூட்டைகளுமாக நெரிசல். நான் மிளகாய்க்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். புளிக்கடைப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. டீச்சரின் குரல். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்பதற்காகப் பழக்கிய குரல் அது, சந்தை முழுக்கக் கேட்டது.

“திருடி! சங்கத்துக்குள்ள விட்டதுக்கு நீ காட்டற நன்றியா இது?”

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். செல்லியின் இடுப்பில் குழந்தை இருந்தது. குழந்தையின் மேல் நீல ஸ்வெட்டர். நடு மார்பில் சடை முறுக்கு. டீச்சர் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றப் பார்க்கிறார். குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. “எங்க நூலு, எங்க டிசைனு! ஏழைக் கொழந்தைங்களுக்கு வெச்சதைத் திருடிப் போட்டுக்கினு அதைச் சந்தைக்கே தூக்கிக்கினு வந்திருக்கா பாருங்க!”

“நான் பின்னினதும்மா. என் கையால பின்னினது” என்றாள் செல்லி. கத்தக்கூட இல்லை.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “நீயா? ஊசியே புடிக்காதவ நீ பின்னினியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊசி கேட்டுக் கேட்டுக் கால்கடுக்க நின்றவளுக்கு ஊசி கொடுக்காமலிருந்தவரே, ஊசி பிடிக்காதவள் என்று அதையே சாட்சியாகச் சொல்கிறார். குழந்தையின் கழுத்திலிருந்து டீச்சரின் கையைப் பிடுங்கி எடுத்தேன். “எடுத்ததை நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டேன். “பின்னினதை நீ பாத்தியா?” என்று திருப்பிக் கேட்டார். நான் பார்க்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தி சாய்வதற்குள் செல்லி திருடியாகிவிட்டாள்.

வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேரே காலனிக்குப் போனேன். செல்லியின் குடிசை வாசலில் திம்மப்பன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, “எடுத்திருந்தா குடுத்துடச் சொல்லுங்கக்கா” என்றான்.

உள்ளே செல்லி அதைக் கேட்டாள். குழந்தையின் மேலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் எறிந்தாள். “கேட்டீங்களா? என் வூட்டுக்காரனே கேக்கறான், எடுத்தியான்னு. நாராயணம்மா வூட்டுல நாளையிலிருந்து வராதேன்னு ஆள் வுட்டு சொல்லிட்டாங்க. இஸ்கூல்லயும் வேணாமாம். திருடின்னு பேரு வந்தா எந்த வூட்டு வாசல்ல நான் போய் நிப்பேன்? நீங்களும் பாருங்க. பாத்துட்டு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

நான் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பினேன். கடுகு கொட்டின மாதிரி முடிச்சுகள். சாண் நூல், முழ நூல், எல்லாம் துண்டு துண்டாகச் சேர்த்து முடிந்தது. சங்கத்தில் நூல் சுற்றும்போது சிக்கு விழுந்தால் ஜோதியம்மாளுக்குப் பொறுமை இருக்காது. கத்தரியை எடுத்து வெட்டிப் போட்டுவிடுவாள். அந்தச் சிக்கையெல்லாம் குப்பையோடு கூட்டி அள்ளுகிறவள் செல்லி. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்காக எடுத்து, உடைந்த குடையிலிருந்து இரண்டு கம்பி உருவி, கல்லில் தேய்த்து ஊசியாக்கிப் பின்னியிருக்கிறாள்; அந்தக் கம்பிகளை எடுத்துக் காட்டினாள்.

“யாரு கத்துக்குடுத்தா?”

“யாரு குடுப்பா? நீங்க எல்லாம் எதுருல ஒக்காந்து பின்றீங்க. நான் நின்னுக்கினே பாப்பேன். கையிதான் கட்டிக் கெடந்துச்சு, கண்ணுமா?”

ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுச் சடையைப் பார்த்தேன். எங்கேயோ உறுத்தியது. அப்புறம் பளிச்சென்று புரிந்தது. அந்தச் சடை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

மறுநாள் புதன்கிழமை. செல்லியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். அவள் இடுப்பில் குழந்தையும் இருந்தது. உள்ளே ஊசிகள் நின்றன. “இவளை எதுக்கு இங்க கூட்டிக்கினு வந்தே?” என்றார் டீச்சர்.

நான் அலமாரியிலிருந்து சங்கத்து ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தேன். பக்கத்தில் செல்லியுடையதை விரித்தேன். “சடையைப் பாருங்க டீச்சர்.”

அவர் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, முகம் சொன்னது. கைத்தொழில் தெரிந்தவர் ஆயிற்றே.

எனக்கு நிறுத்த முடியவில்லை. “நம்ம எல்லார் சடையும் வலப்பக்கம் சாயுது. ஏன்னா நாம எல்லாம் உங்க பக்கத்துல ஒக்காந்து கத்துக்கிட்டோம். எதுத்தாப்புல இருந்து பாத்தா மாறி வரும்னு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க! இந்த அறையில எதுத்தாப்புலயே நின்னது யாரு? இந்தச் சங்கத்துல இடப்பக்கம் சாயற மாதிரி பின்னத் தெரிஞ்சவ ஒருத்தி இருந்தா கையைத் தூக்குங்க. தூக்குங்களேன்!”

ஒரு கையும் எழவில்லை. ருக்மணிதான் முணுமுணுத்தாள். “பின்னிக் காட்டட்டுமே.”

செல்லி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். மடியிலிருந்து குடைக்கம்பிகளை எடுத்தாள். கீழே கிடந்த நூலை எடுத்து, நின்றபடியே பின்ன ஆரம்பித்தாள். நாங்கள் வலக்கையில் செய்கிறதையெல்லாம் அவள் இடக்கையில் செய்தாள். கண்ணாடியில் டீச்சரைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. டீச்சர் நூலை இழுத்துவிட்டுச் சுண்டுவிரலை ஒரு தட்டுத் தட்டுவார், அதுகூட அப்படியே வந்தது. சாந்தம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஜோதியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

டீச்சர் தொண்டையைச் செருமினார். “அப்படின்னாலும் நூலு சங்கத்து நூலுதானே. குப்பைன்னாலும் சங்கத்துக் குப்பை.”

“அப்ப இனிமே குப்பைக்குழிக்கு ஒரு வாட்ச்மேன் போடுங்க” என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். டீச்சருக்கு முகம் சிவந்தது. “சரி. நான் தப்பா நெனச்சுட்டேன். வுட்டுடு செல்லி. அடுத்த வாரத்துலருந்து நீயும் வந்து ஒக்காந்து பின்னு. ஊசி தர்றேன்.”

பெரிய மனசு பண்ணிவிட்டதாக அவருக்கு நினைப்பு. மற்றவர்களும் பெருமூச்சு விட்டார்கள். செல்லி பின்னியதை உருவிப் போட்டுவிட்டுக் கம்பிகளை மடியில் செருகினாள்.

“ஊசி வேணாம்மா. நான் எடுக்கலைன்னு சந்தையில சொல்லுங்க.”

“என்னாது?”

“சந்தையிலதானே திருடின்னீங்க. அங்கயே வந்து எடுக்கலைன்னு சொல்லுங்க. இங்க சொன்னா இந்தச் செவுத்துக்குத்தான் கேக்கும். எனக்கு வேலை குடுக்கறவங்களுக்குக் கேக்க வேணாமா?”

“சந்தையில நின்னு நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?” டீச்சருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். அப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை. ருக்மணி சேர்ந்துகொண்டாள். “அதான் தப்புன்னு சொல்லிட்டாங்களே. இன்னும் என்னா வேணுமாம் இவளுக்கு?” நாராயணம்மா வழக்கம்போலத் தன் மந்திரத்தைச் சொன்னாள்.

“நீங்க சந்தையில சொல்ற வரைக்கும் என் வீட்டுலருந்து ஒரு முழ நூலு வராது” என்று சொல்லிவிட்டுச் செல்லியோடு வெளியே வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் இன்னாசிமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டார். “நாமளே இப்பத்தான் நாலு பேரோட ஒக்கார ஆரம்பிச்சிருக்கோம். உனக்கு எதுக்குடி இந்த வம்பு?” நான் சோற்றுச் சட்டியை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். செல்லி கைவலிக்க நின்றதால்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்போது வாயை மூடச் சொல்கிறார். அதற்கு மேல் அவரோடு பேசவில்லை, அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லி காலையிலேயே சந்தைக்கு வந்துவிட்டாள். போன வாரம் திருடிப் பட்டம் வாங்கிய அதே இடத்தில், புளிக்கடைக்கு முன்னால் நின்றாள். குழந்தைக்கு அதே நீல ஸ்வெட்டர். திம்மப்பனும் வந்திருந்தான். அவளை ஒட்டி நிற்காமல் ரோட்டு ஓரமாக, யாரோ எவரோ மாதிரி தள்ளி நின்றான். போகிறவர்களும் வருகிறவர்களும் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். “துணிச்சலைப் பாரேன், மறுபடி அதையே போட்டுத் தூக்கிக்கினு வந்திருக்கா” என்று ஒரு கிழவி என் காதில் விழவே சொன்னாள். கிழவியை நான் விடவில்லை. விவரமாகச் சொன்னேன், சத்தமாகவும் சொன்னேன். “நீ சொல்லுவே, நீயும் அவ காலனி ஆளுதானே” என்று போய்விட்டாள்.

செல்லி என் கையைத் தொட்டாள். “நீங்க சொன்னா செல்லாதுக்கா. அவங்கதான் சொல்லணும்.”

டீச்சர் வந்தார். கூடவே ஜோதியம்மாளும் சாந்தம்மாவும் வந்தார்கள். டீச்சர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். செல்லியைப் பார்த்ததும் நேரே வந்தார். எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது, பொய் சொல்வானேன். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, நடுவில் சடை இறங்கிய புது ஸ்வெட்டர், குல்லா, காலுறை.

“இந்தா செல்லி, உன் கொழந்தைக்கு” என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “நடந்ததை நான் மனசுல வெச்சுக்கலை. ஏழைங்க, ஆசைப்படறது சகஜம். ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்கார்.”

கூட்டம் உருகிவிட்டது. “தங்கமான மனசு டீச்சரம்மாவுக்கு” என்றார் புளிக்கடைக்காரர். கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண்ணில் ரத்தம் ஏறியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். போன வாரம் வரை வெறும் திருடியாக இருந்தவளை இப்போது மன்னிக்கப்பட்ட திருடி ஆக்கிவிட்டார். முதலாவதைக்கூட மறுத்துப் பேசலாம், இதை எப்படி மறுப்பது?

செல்லி அந்த வெள்ளை ஸ்வெட்டரைத் தொடவில்லை. டீச்சரின் நீட்டிய கை நீட்டினபடியே இருந்தது.

“நான் எடுக்கலையேம்மா. எடுக்காததுக்கு எதுக்கு மன்னிக்கறீங்க?”

“பாத்தீங்களா திமிரை” என்று யாரோ சொன்னார்கள். நான் பொறுக்கமாட்டாமல் அந்த வெள்ளை ஸ்வெட்டரைப் பிடுங்கிக் குழந்தையின் மார்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். “கண்ணிருக்கறவங்க எல்லாம் வந்து பாருங்க! இது டீச்சர் பின்னின சடை, இந்தப் பக்கம் சாயுது. இது செல்லி பின்னின சடை, அந்தப் பக்கம் சாயுது. சங்கத்துல ஒருத்திக்கும் அந்தப் பக்கம் சாயற மாதிரி பின்னத் தெரியாது. புதன்கெழமை எங்க எல்லார் முன்னாலயும் பின்னிக் காட்டினா. டீச்சரே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. நான் சொல்றது பொய்யின்னா இதோ நிக்கறாங்களே, இவங்களைக் கேளுங்க. ஜோதியம்மா, சொல்லுங்க!”

ஜோதியம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு சடைகளைப் பார்த்தது. புளிக்கடைக்காரர் கயிறு திரிக்கிற குடும்பம், முறுக்குப் பார்க்கத் தெரிந்தவர். “ஆமாம்பா, மாத்துமுறுக்குத்தான். வேற கை” என்றார். என்றாலும் எல்லோரும் டீச்சரின் வாயையே பார்த்தார்கள்.

அப்போது சாந்தம்மா பேசினாள். சங்கத்தில் சிரிப்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள். பயத்தில் தமிழும் கன்னடமும் கலந்துகட்டி வந்தது. “அவளு கள்ளி அல்ல. நானு நோடிதே, பார்த்தேன். அவளே பின்னினா. நாமதான் பொய்யி சொன்னது.” சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

டீச்சர் சாந்தம்மாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். போவதற்குத் திரும்பினார். செல்லி ஒரு எட்டு நகர்ந்து வழியில் நின்றாள். கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, சும்மா நின்றாள். நிற்கிறதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீச்சர் அந்தப் பக்கம் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். கூட்டமும் வழிவிடவில்லை. நியாயத்துக்காக இல்லை, வேடிக்கைக்காகத்தான். அதற்காவது பிரயோஜனப்பட்டார்களே.

கடைசியில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, “செல்லி எடுக்கலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

“கேக்கலைம்மா” என்றாள் செல்லி. “அன்னிக்குத் திருடின்னு சொன்னீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க.”

டீச்சர் நிமிர்ந்தார். கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரலில் சொன்னார். மிளகாய்க்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்பக் கேட்டுச்சு” என்றான் திம்மப்பன், ரோட்டு ஓரத்திலிருந்து கிட்டே வந்து. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

செல்லி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.